முதல் அனிமேயை எப்படித் தேர்ந்தெடுப்பது

ஜப்பானிய அனிமேஷனான அனிமே பார்க்கலாம் என்று இருக்கிறேன், எதில் ஆரம்பிக்கலாம் என்று யாரிடமாவது கேட்டால் உடனே வரும் பதில் ஒன் பீஸ், இல்லையென்றால் நருட்டோ. சொல்கிறவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு உயிரானதைச் சொல்கிறார். ஆனால் ஒன் பீஸ் 1999 அக்டோபரில் தொடங்கி 1100 எபிசோடைத் தாண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் இரண்டு எபிசோடு பார்த்தாலே ஒன்றரை வருடம் ஆகும். அனிமே நமக்குப் பிடிக்குமா என்றே தெரியாதவர் ஒன்றரை வருடக் கணக்கில் இறங்கினால் இருபதாவது எபிசோடில் அலுத்துப்போய் "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று மூடிவைத்துவிடுவார். பிசகு அனிமேயில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. அதனால் கதை, ரேட்டிங் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: எத்தனை எபிசோடு, கதை முடிந்துவிட்டதா.

எபிசோடு கணக்கு

ஜப்பானியத் தொலைக்காட்சியில் வருடத்துக்கு நான்கு பருவம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் புதுத் தொடர்கள் தொடங்கும். வாரம் ஒன்று வீதம் ஒரு பருவத்துக்கு 12 அல்லது 13 எபிசோடு, இரண்டு பருவம் ஓடினால் 24 முதல் 26. ஒரு எபிசோடு சுமார் 24 நிமிடம். அதில் ஆரம்பப் பாட்டு ஒன்றரை நிமிடம், முடிவுப் பாட்டு ஒன்றரை நிமிடம். பாட்டுகளைத் தாண்டிவிட்டால் 12 எபிசோடுத் தொடர் நாலேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும், அதாவது இரண்டு தமிழ்ப் படம் பார்க்கிற நேரம்கூட ஆகாது. 26 எபிசோடு என்றால் ஒன்பது மணி நேரம். முதல் தொடரை இந்த 26-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். கதை இழுத்துக்கொண்டு போகிற வகையாக இருந்தால் மட்டும் 40 வரை போகலாம்.

முடிந்த கதையா என்பதை ஏன் பார்க்க வேண்டும்? மங்கா என்கிற ஜப்பானியக் காமிக்ஸையோ நாவலையோ விற்பதற்கான விளம்பரமாகவே பல அனிமேக்கள் எடுக்கப்படுகின்றன. 12 எபிசோடு ஓட்டிவிட்டு, மீதியைப் புத்தகத்தில் படித்துக்கொள் என்று விட்டுவிடுவார்கள். நோ கேம் நோ லைஃப் 2014-இல் 12 எபிசோடு வந்தது. கதை பாதியில் நிற்கிறது. 2017-இல் வந்த படமும் முன்கதைதான். நல்ல தொடர், ஆனால் முதல் தொடராகப் பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

தொடரே வேண்டாம், ஒரு ராத்திரியில் சோதித்துப் பார்க்கலாம் என்றால் படத்தில் தொடங்குங்கள். 2016-இல் வந்த யுவர் நேம் ஒன்றே முக்கால் மணி நேரம், காதலும் மாயமும் கலந்த கதை, அனிமே பழக்கம் எதுவும் தேவையில்லை. 2003-இல் ஆஸ்கர் வாங்கிய ஸ்பிரிட்டட் அவே இரண்டு மணி ஐந்து நிமிடம். ஸ்பிரிட்டட் அவேயை எடுத்த கிப்லி ஸ்டூடியோவின் படங்கள் பெரும்பாலும் நெட்ஃபிளிக்ஸில் கிடைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: கிப்லி என்ற பெயரை மட்டும் நம்பிக் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். 1988-இல் ஒரே நாளில், ஒரே காட்சியில் சேர்த்து வெளியான இரண்டு படங்கள் மை நெய்பர் டொட்டோரோவும் கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸும். முன்னதை நாலு வயதுக் குழந்தை பார்க்கலாம். பின்னது போரில் அநாதைகளான அண்ணனும் தங்கையும் பட்டினி கிடக்கும் கதை, பெரியவர்களையே இரண்டு நாள் சும்மா விடாது.

உங்கள் ருசியைக் கொண்டு தேடுங்கள்

அனிமே ஒரு தனி வகை இல்லை, எல்லா வகைக் கதையும் அதில் இருக்கிறது. ஏற்கெனவே எந்த மாதிரிப் படத்தை இரண்டாம் முறை பார்ப்பீர்களோ, அதே மாதிரி அனிமேயில் தொடங்குவதுதான் பத்திரம்.

போலீஸும் குற்றவாளியும் மூளையால் மோதிக்கொள்ளும் கதைகள் பிடிக்குமென்றால் டெத் நோட், 37 எபிசோடு, முழுக் கதையும் முடிந்துவிடும். பெயர் எழுதினால் ஆளைக் கொல்லும் ஒரு நோட்டு, அதை வைத்திருக்கும் மாணவன், அவனைத் தேடும் துப்பறிவாளர். அனிமேக்கே உரிய பழக்கவழக்கங்கள் குறைவு என்பதால் புதியவரை விரட்டாது. விளையாட்டுப் படம் பிடிக்குமென்றால் ஹைக்யூ. வாலிபால் விதிகள் தெரிய வேண்டியதில்லை, கதையே சொல்லிக்கொடுத்துவிடும். மொத்தம் நான்கு சீசன் இருந்தாலும் முதல் சீசனின் 25 எபிசோடு ஒரு போட்டித் தொடரோடு நிற்பதால் அங்கேயே நிறுத்திக்கொள்ளவும் முடியும். வீட்டோடு சிரித்துப் பார்க்க ஸ்பை எக்ஸ் ஃபேமிலி: உளவாளி அப்பா, கொலையாளி அம்மா, மனசைப் படிக்கும் மகள், யார் யாரென்று மகளுக்கு மட்டும்தான் தெரியும். கதை இன்னும் முடியவில்லை, ஆனால் பெரும்பாலான எபிசோடுகள் தனித்தனி என்பதால் பாதகமில்லை.

தொடர்ச்சியே வேண்டாம், ஒவ்வொரு நாளும் ஒரு கதை என்றால் 1998-இல் வந்த கவ்பாய் பீபாப், 26 எபிசோடு. காதலுக்கு ஹோரிமியா, 13 எபிசோடு. கண்ணீர் வேண்டுமென்றால் வயலெட் எவர்கார்டன், அதுவும் 13.

கையில் நேரம் இருக்கிறது, பெரிய கதையாகவே வேண்டும் என்பவர்களுக்கு ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட், 64 எபிசோடு. பாட்டுகள் போக இருபத்திரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். இதே பெயரில் 2003-இல் 51 எபிசோடுத் தொடர் ஒன்று உண்டு. அப்போது மங்கா முடியாததால் அது பாதிக்கு மேல் சொந்தக் கதைக்குப் போய்விட்டது. 2009-இல் வந்த பிரதர்ஹுட்தான் மங்காவைக் கடைசிவரை பின்பற்றுகிறது. தேடும்போது இரண்டும் வரும், ஆண்டைப் பார்த்து எடுங்கள்.

தள்ளிப்போட வேண்டியவையும் உண்டு. எவாஞ்சலியன், அதற்கு முந்தைய ரோபோ அனிமேக்களைப் பார்த்தவருக்கே முழுசாகப் பிடிபடும். ஸ்டெய்ன்ஸ்;கேட் 24 எபிசோடில் முதல் பாதி மெதுவாகவே நகரும், பின்பாதிக்காகப் பொறுக்கத் தெரிந்த பிறகு வாருங்கள். ஃபேட் வரிசையை எந்த ஒழுங்கில் பார்ப்பது என்று ரசிகர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், உங்களுக்கு எதற்கு அந்த வம்பு!

ரேட்டிங்கை எப்படிப் படிப்பது

ரசிகர்கள் மதிப்பெண் போடும் மைஅனிமேலிஸ்ட் தளத்தில் மேலே நிற்கும் தொடர்களை அப்படியே நம்ப வேண்டாம். அந்தப் பட்டியலின் உச்சியில் இரண்டாம், மூன்றாம் சீசன்கள் நிறைய இருக்கும். முதல் சீசன் பிடிக்காதவர்கள் அங்கேயே கழன்றுகொள்வதால், மூன்றாம் சீசனுக்கு மதிப்பெண் போடுவது தீவிர ரசிகர்கள் மட்டும்தான். எண் தானாக ஏறிவிடும். அதனால் முதல் சீசனின் மதிப்பெண்ணை மட்டும் பாருங்கள். 7-க்கு மேல் இருந்து, வகையும் உங்களுக்குப் பிடித்ததாக இருந்தால் தாராளமாகத் தொடங்கலாம். 8.5 கிடைத்த, உங்களுக்கு ஒத்துவராத வகையைவிட அது மேல்.

ஷோனென், செய்னென் என்ற முத்திரைகளும் குழப்பும். அவை மங்கா வெளியான பத்திரிகை யாரை நோக்கியது என்பதைச் சொல்பவை, கதையின் வகையை அல்ல. ஷோனென் என்றால் பையன்களுக்கான பத்திரிகை, செய்னென் என்றால் வளர்ந்த ஆண்களுக்கானது. டெத் நோட்டும் ஷோனென் ஜம்ப் என்ற பையன்கள் பத்திரிகையில் வந்ததுதான். குழந்தைகளோடு ஹாலில் உட்கார்ந்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் இந்த முத்திரையை விட்டுவிட்டு, ஓடிடியில் எபிசோடு தொடங்கும்போது மூலையில் வரும் 13+, 16+, ஏ குறியைப் பாருங்கள். போஸ்டரை நம்பவே கூடாது. மேட் இன் அபிஸ் போஸ்டரில் உருண்டை முகக் குழந்தைகள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே இருப்பது குழந்தைகள் பார்க்கக் கூடாத கொடுமை.

சப்பா, டப்பா

இதில் கௌரவம் பார்க்க வேண்டியதில்லை. வேகமாக ஆங்கிலம் படிக்க வருமென்றால் ஜப்பானிய ஒலியும் ஆங்கில சப்டைட்டிலும். படிப்பதிலேயே கண் நின்று படம் தவறிப்போகிறதென்றால் டப். டோராமானையும் ஷின்சானையும் தமிழில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு டப் புதிதில்லை, அவையும் அனிமேதான். கிரஞ்சிரோல் தளம் சோலோ லெவலிங் போன்ற சில தொடர்களைத் தமிழிலும் தருகிறது. யூடியூபில் மியூஸ் இந்தியா, ஆனி-ஒன் ஏசியா சேனல்கள் உரிமம் பெற்ற தொடர்களை இலவசமாகவே போடுகின்றன.

நெட்ஃபிளிக்ஸில் ஒரு சின்னக் கோளாறு. ஜப்பானிய ஒலியை வைத்துவிட்டு சப்டைட்டிலில் சிசி என்று போட்ட ஆங்கிலத்தை எடுத்தால், அது பெரும்பாலும் ஆங்கில டப்பின் வசனத்தை அப்படியே எழுதியதாக இருக்கும். கதாபாத்திரம் ஒரு சொல் சொல்ல, கீழே இரண்டு வரி ஓடும். அவன் வாயை மூடிய பிறகும் எழுத்து நிற்கும். வெறும் ஆங்கிலம் என்று தனியாக ஒன்று இருந்தால் அதற்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

வரிசையைச் சரிபாருங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். டீமன் ஸ்லேயரையே எடுத்துக்கொள்வோம். 2019-இல் முதல் சீசன், 26 எபிசோடு. கதை அடுத்துப் போவது இரண்டாம் சீசனுக்கு அல்ல, 2020-இல் வந்த முகென் ட்ரெயின் படத்துக்கு. அந்தப் படத்தையே 2021-இல் தொலைக்காட்சிக்காக 7 எபிசோடாக வெட்டிப் போட்டார்கள், இரண்டில் ஒன்றைப் பார்த்தால் போதும். அதற்குப் பிறகு 11, 11, 8 என்று மூன்று பகுதிகள். கடைசியில்தான் 2025-இல் தமிழ் டப்போடு நம்மூர்த் தியேட்டருக்கு வந்த இன்ஃபினிட்டி காசில். முன்கதை தெரியாமல் அதற்குள் போய் உட்கார்ந்தவருக்குச் சண்டை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

எந்தத் தொடரானாலும் மைஅனிமேலிஸ்டில் அதன் பக்கத்தைத் திறந்து, தொடர்புடைய படைப்புகள் பகுதியில் ப்ரீக்வெல், சீக்வெல் என்று இருப்பதைப் பாருங்கள். ப்ரீக்வெல் எதுவும் இல்லாத இடம்வரை பின்னால் போனால் தொடக்கம் கிடைக்கும். சீசனின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். அட்டாக் ஆன் டைட்டனின் "இறுதி சீசன்" 2020 டிசம்பரில் தொடங்கி 2023 நவம்பரில்தான் முடிந்தது.

எப்போது விடுவது

மூன்று எபிசோடு பாருங்கள். முதல் எபிசோடு பெரும்பாலும் ஆட்களை அறிமுகம் செய்யும், இரண்டாவது உலகத்தை, மூன்றாவதில்தான் கதை எங்கே போகிறதென்று தெரியும். அதற்கு மேலும் ஒட்டவில்லையென்றால் விட்டுவிடுங்கள், பத்தாவது எபிசோடில் நன்றாக இருக்கும் என்று யார் சொன்னாலும் சரி.

பின்னால் என்றாவது நீண்ட தொடருக்குப் போகும்போது ஃபில்லரை விலக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். வாராவாரம் வரும் அனிமேயின் ஒரு எபிசோடு மங்காவின் இரண்டு மூன்று அத்தியாயங்களை விழுங்கிவிடும், மங்காவோ வாரத்துக்கு ஒரு அத்தியாயம்தான். துரத்திப் பிடித்துவிட்டால் மங்கா முன்னால் போகும்வரை சொந்தமாகக் கதை கட்டி ஓட்டுவார்கள். நருட்டோவின் 220 எபிசோடில் 136-க்குப் பிறகு வருவது பெரும்பாலும் இதுதான். தொடரின் பெயரோடு ஃபில்லர் லிஸ்ட் என்று சேர்த்துத் தேடினால் எண்கள் கிடைக்கும்.

முதல் தொடர் பிடித்துப்போய் அடுத்ததைத் தேடும்போது ஸ்டூடியோ பெயரைவிட இயக்குநர் பெயர் நன்றாக உதவும். டெத் நோட்டை இயக்கிய டெட்சுரோ அராகிதான் அட்டாக் ஆன் டைட்டனின் முதல் சீசனையும் இயக்கினார். கவ்பாய் பீபாப் பிடித்திருந்தால் அதே ஷினிசிரோ வட்டானபேயின் சாமுராய் சாம்ப்லூ, அதுவும் 26 எபிசோடு. ஸ்டூடியோ சீசனுக்கு சீசன் மாறவும் செய்யும். ஒன் பஞ்ச் மேன் முதல் சீசன் 2015-இல் மேட்ஹவுஸ் செய்தது, 2019-இன் இரண்டாம் சீசன் ஜே.சி. ஸ்டாஃப். இயக்குநரும் மாறிவிட்டார். சண்டைக் காட்சிகள் திடீரென்று சப்பென்று தெரிந்தால் உங்கள் கண்ணில் கோளாறு இல்லை.