வீட்டுக்குள் பாம்பு வந்தால்: முதல் பத்து நிமிடம்

போன ஐப்பசியில் மோட்டார் ரூமில் சுவிட்ச் போடப் போனேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே ஆறடி சாரை ஒன்று கிடந்தது. "அடிச்சுப் போடுடா, சாரை வந்தா பின்னாடியே நாகம் வரும், ரெண்டும் ஜோடி" என்று கத்தினார் பெரியப்பா. சாரைக்கும் நாகத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பின்னிக்கொண்டு எழும்பி நிற்பதாக ஊரில் சொல்வது பெரும்பாலும் ரெண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். நம்ம சாரை எலிக்கு வந்தது. அரை மணி நேரம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை, அது தானே கிளம்பிவிட்டது.

படி 1: பின்வாங்குங்கள்

ஓடாமல், மெதுவாக நாலைந்து எட்டு பின்னால் வாருங்கள். குழந்தைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிட்டு, ஒருவர் மட்டும் தூர நின்று அது எங்கே போகிறது என்று பார்க்கட்டும். மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றினால் மிரண்டு பீரோவுக்கு அடியில் போய்விடும். அப்புறம் தேடுவது பெரும்பாடு.

படி 2: கதையை நம்பி எடைபோடாதீர்கள்

கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறி, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று பார்க்குமாம். உண்மையில் அதற்கு விஷமே கிடையாது. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பார்கள். அதன் கடியும் ஆளைக் கொல்லாது. மண்ணுளியின் மழுங்கிய வாலைத் தலை என்று நினைத்து 'இருதலைப் பாம்பு' ஆக்கி, லட்சக்கணக்கில் விலை பேசி ஏமாந்தவர்கள் ஏராளம். உருளைக்கிழங்கு வாசம் வந்தால் பாம்பு கொட்டாவி விடுகிறது என்பதும் இந்த ரகம்தான்.

உயிருக்கு உலை வைப்பவை முக்கியமாக நாலு: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன். நல்ல பாம்பு படம் எடுக்காதவரை சாரை மாதிரியேதான் தெரியும். கண்ணாடி விரியன் குக்கர் ஆவி விடுகிற மாதிரி நீளமாகச் சீறும். சுருட்டை சின்னது; செதிலோடு செதிலை உரசி அரம் போல ஓசை எழுப்பும்.

எனக்குப் பயம் கட்டுவிரியன்தான். ராத்திரியில் வரும், தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவரைக் கடிக்கும். வலியே தெரியாமல் போகலாம், பல் பட்ட இடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமையைத் தூக்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் சுக்குக் கஷாயம் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கருப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள் இருக்கும். அதே சாயலில் விஷமில்லாத பாம்பும் உண்டு. அதனால் பழகாத கண்ணுக்கு எல்லாப் பாம்பும் விஷப்பாம்புதான்.

படி 3: போன் போடுங்கள்

தமிழ்நாட்டில் தீயணைப்பு நிலையத்துக்கு 101. வனத்துறைக்கும் சொல்லலாம். நீங்களே அடிக்கப் போனால் கடி வாங்குவீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் மாட்டுவீர்கள். அடிபட்டுத் தப்பிய பாம்பு பழிவாங்க வரும் என்று பயப்பட வேண்டாம். ஆளை நினைவு வைத்துத் தேடி வரும் வேலை அதற்குத் தெரியாது.

படி 4: கடித்துவிட்டால்

மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். கயிறு இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, வேரை அரைத்துக் கொடுப்பது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டிய அவசியமும் இல்லை. இங்கே போடும் விஷமுறிவு மருந்து மேலே சொன்ன நாலுக்கும் பொதுவானது. அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கைப் பல ஆண்டுகளாக எடுத்துத் தருவது மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம், 1978-இல் தொடங்கியது. பிடித்த பாம்பை மண்பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டி வைத்து, சில வாரம் விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள்.

படி 5: அடுத்த நாள்

சுவரோரம் கிடக்கும் செங்கல், விறகு, தேங்காய் மட்டையை அகற்றுங்கள். எலி குறைந்தால் பாம்பும் குறையும். தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள்.

என் பாட்டி இருட்டிய பிறகு 'பாம்பு' என்று சொல்லமாட்டார், 'பூச்சி' என்பார். பேரைச் சொன்னால் வந்துவிடுமாம். ஆனால் கொல்லைக்குப் போகும்போது மட்டும் தடியைத் தரையில் தட்டிக்கொண்டே போவார். அந்த அதிர்வு பாம்புக்கு நன்றாகவே எட்டும்.