மருந்து உள்ளே போனால்தானே வேலை செய்யும்?

ரங்கூனில் காலை என்றாலே டீக்கடைதான். டின் பால் ஊற்றிய கெட்டி டீ, கூடவே ஒரு கிண்ணம் மொய்ங்கா என்கிற மீன் நூடுல்ஸ் சூப். என் அக்கா தன் தைராய்டு மாத்திரையை இரண்டு வருடமாக அந்த டீயோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போனார், தைராய்டு குறைந்தால் இரத்தத்தில் ஏறும் டி.எஸ்.ஹெச். அளவு மட்டும் இறங்கவே இல்லை. முடி கொட்டியது, எப்போதும் அசதி. கடைசியில் வேறொரு டாக்டர், மாத்திரையை எப்போது, எதோடு போடுகிறீர்கள் என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

அந்த மாத்திரையில் இருக்கும் தைராக்ஸின் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. வெறும் வயிற்றில் போட்டால் 60 முதல் 80 சதவீதம் இரத்தத்தில் சேரும். உணவோ, பாலோ, காபியோ சேர்ந்தால் அது குறைந்துவிடும். அதனால் வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். டீயும் அதுவரை காத்திருக்கட்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகள், நெஞ்செரிச்சல் மருந்து இவற்றுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். சோயாவும் தடுக்கும். (ஷான் தோஃபு கடலை மாவில் செய்வது, சோயா இல்லை. ஆனாலும் அதுவும் உணவுதான், மாத்திரையோடு வேண்டாம்.) காலையில் தோதுப்படாதவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் போடலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. பழக்கத்தைச் சரிசெய்ததும், முன்பு கூட்டிய அளவு அதிகமாகிப் போகலாம். படபடப்பு வரும். டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள், 6 முதல் 8 வாரத்தில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

அடுத்தது இன்சுலின். அது புரதம். வாய்வழி கொடுத்தால் சாப்பாட்டைப் போலவே செரித்துவிடும், அதனால்தான் ஊசி. என் அம்மா வருடக்கணக்கில் தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே இடத்தில் போட்டுவந்தார். கேட்டால், "அங்கே போட்டா வலிக்கிறதே இல்லடா" என்பார். வலிக்காததற்குக் காரணம் இருந்தது. விரலால் வருடிப் பார்த்தபோது தோலுக்கடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு மெத்தென்று ஒரு கட்டி. ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்பு தடித்துப்போயிருந்தது. அதற்குள் போகும் இன்சுலின் ஒருநாள் மெல்லக் கசியும், இன்னொரு நாள் சட்டென்று இறங்கும். சர்க்கரை ஏறி இறங்கியதற்கு நாங்கள் அம்மாவின் சாப்பாட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

ஒவ்வொரு முறையும் முந்திய இடத்திலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போடுங்கள். வாரம் ஒருமுறை தடவிப் பாருங்கள். கட்டியை விட்டு நல்ல தோலுக்கு மாறும்போது அதே அளவு இன்சுலின் வேகமாக வேலை செய்து சர்க்கரை அபாயமாக இறங்கலாம், டாக்டரிடம் கேட்டு அளவைக் குறைத்துக்கொண்டுதான் மாற வேண்டும். வயிற்றில் போட்டால் வேகம், தொடையிலும் பிட்டத்திலும் மெதுவாகச் சேரும். தொடையில் போட்டுக்கொண்டு உடனே வேகமாக நடந்தாலோ, போட்ட இடத்தில் வெந்நீர் ஊற்றினாலோ, தேய்த்தாலோ வேகம் கூடிவிடும்.

கரண்ட் போனால் இன்சுலின் கெட்டுவிடுமோ என்று பயந்து ஐஸோடு ஒட்டி வைக்கிறார்கள். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது, தூக்கி எறியத்தான் வேண்டும். திறந்த பாட்டில் 30 டிகிரிக்குள், வெயில் படாமல், பொதுவாக 4 வாரம் தாங்கும். நம் ஏப்ரல் வெயிலில் வீட்டுக்குள் சூடு அதைத் தாண்டாமல் இருப்பது கஷ்டம். ஈர மணலில் உட்கார வைத்த மண்பானை கைகொடுக்கும், பாட்டிலில் தண்ணீர் படாமல் உறை போட்டு வையுங்கள்.

மூன்று மாதக் கருத்தடை ஊசியிலும் இந்தத் தேய்க்கிற பழக்கம் உண்டு. தசையில் தங்கி மெல்லக் கரைய வேண்டிய மருந்து அது. தேய்த்தால் சீக்கிரம் கரைந்து, காவல் காக்கும் நாட்கள் குறையலாம். வலித்தாலும் கை வைக்காதீர்கள்.

மாதவிடாய் நின்றபின் எடுக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனில், உள்ளே போகும் வழியைப் பொறுத்தே விளைவு மாறும். மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போகிறது. பெரும்பகுதி அங்கேயே மாறிவிடும், இரத்தம் உறையும் அபாயமும் கொஞ்சம் கூடும். தோலில் ஒட்டும் பேட்ச் நேராக இரத்தத்தில் சேர்வதால், வழக்கமான அளவில் அந்த அபாயம் கூடுவதாகத் தெரியவில்லை. பேட்ச்சை இடுப்புக்குக் கீழே, எண்ணெயோ பவுடரோ இல்லாத உலர்ந்த தோலில் ஒட்டுங்கள். மார்பில் வேண்டாம். குளித்ததும் உடம்பெல்லாம் தனக்கா (மரப்பட்டையை அரைத்த சாந்து) பூசுகிறவர்கள் அந்த ஒரு கையளவு இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இதையே ஜெல்லாகத் தடவுகிறவர்கள் கையைக் கழுவி, ஜெல் நன்றாகக் காய்ந்தபிறகு பேரக்குழந்தையைத் தூக்குங்கள். தடவிய இடத்தைத் துணியால் மூடியிருக்க வேண்டும், குழந்தையின் தோல் வழியாகவும் உள்ளே போக அந்த மருந்துக்கு வழி தெரியும்.