மருந்து ஆய்வில் சேரக் கேட்டார்களா? பேனாவை வாங்கும் முன் இதைப் படியுங்கள்

போன வருடம் பினாங்கில் அம்மாவை இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) செக்கப்புக்குக் கூட்டிப் போயிருந்தேன். ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தபோது மிஸ்ஸி (நர்ஸ்) ஒருவர் வந்து, "புது மருந்து ஆய்வு ஒண்ணு, சேர்றீங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா பாதிதான் புரிந்து தலையாட்டி, பேனாவைக்கூட வாங்கிவிட்டார். தாளைப் பார்த்தால் 18 பக்கம், அத்தனையும் மலாயில்.

அதனால் முதல் வேலை, தாளை வீட்டுக்கு எடுத்து வருவது. இதற்கு யாரும் முகம் சுளிக்கக் கூடாது, யோசிக்க நேரம் கேட்பது உங்கள் உரிமை. தமிழ்ப் பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால், விளக்கிச் சொல்லும்போது ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி கூடவே இருக்க வேண்டும்.

அடுத்து, இது எந்த மாதிரி ஆய்வு என்று புரிந்துகொள்ளுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். டாக்டர் கொடுப்பதால் இதையும் வைத்தியம் என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் ஆய்வு என்பது விடை தெரியாத ஒரு கேள்வி. பெரும்பாலும் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு ஒரு பாதிப் பேருக்குப் புது மருந்தும், மறுபாதிக்குப் பழைய மருந்தோ மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோ கொடுப்பார்கள். யாருக்கு எது என்று பல ஆய்வுகளில் டாக்டருக்கே தெரியாது. "நான் இப்போது சாப்பிடும் சர்க்கரை மாத்திரை மெட்ஃபோர்மினை நிறுத்துவீர்களா, இல்லை அதோடு சேர்த்துக் கொடுப்பீர்களா?" இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வராதீர்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "எலி மாதிரி வெச்சுப் பாப்பாங்க, வேணாம்" என்றார். அவர் பயம் நியாயம்தான். ஆனால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணும் கிட்னியும் கெடுவது குறையும் என்று இன்று கிளினிக்கில் அடித்துச் சொல்கிறார்களே, அதற்கு ஒரு பெரிய ஆதாரம், பிரிட்டனில் 1977இல் தொடங்கி 20 வருடம் 5,102 பேர் பங்கெடுத்த ஆய்வு. அவர்களும் நம் அம்மா அப்பா மாதிரி ஆட்கள்தான்.

அப்புறம் அனுமதி. மலேசியச் சுகாதார அமைச்சின் மருத்துவமனை என்றால் என்எம்ஆர்ஆர் என்ற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண்ணும், மருத்துவ ஆய்வு நன்னெறிக் குழுவின் ஒப்புதலும் தாளில் இருக்க வேண்டும். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குச் சொந்தக் குழுவே உண்டு. ஆய்வு மருந்துக்குக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். போக்குவரத்துச் செலவு தருவார்களா, மருந்தால் கெடுதல் வந்தால் வைத்தியச் செலவு யாருடையது, இரண்டையும் எழுத்தில் பாருங்கள்.

சர்க்கரை, தைராய்டு மாதிரி ஹார்மோன் சம்பந்தப்பட்ட ஆய்வு பொறுமையைச் சோதிக்கும். எச்பிஏ1சி என்ற ரத்த டெஸ்ட் கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைக் காட்டுவது, தைராய்டு மாத்திரை அளவை மாற்றினால் டிஎஸ்எச் என்ற தைராய்டு டெஸ்ட் அளவு நிலைக்கு வர ஆறு வாரமாவது ஆகும், கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைப் பார்க்க ரத்தத்தைக் காலை எட்டு மணி வாக்கில் எடுப்பார்கள். ஆக, வெறும் வயிற்றோடு விடியற்காலையில் கிளம்பிப் போகும் நாட்கள் நிறைய வரும், வேலைக்குப் போகிறவர்கள் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எதையும் மறைக்காதீர்கள். முடி வளர வாங்கும் பயோட்டின் மாத்திரை தைராய்டு ரிப்போர்ட்டையே தப்பாகக் காட்டிவிடும். மூட்டுவலிக்கு வாங்கும் சில ஜாமுவில் (மலாய் மூலிகை மருந்தில்) ஸ்டீராய்டு கலந்திருந்து பிடிபட்டதும் உண்டு. தைப்பூச விரதம் இருந்து பால்குடம் எடுப்பீர்களா, அதையும் சொல்லுங்கள், டாக்டர் சிரிக்க மாட்டார், சாப்பாடு மாறினால் சர்க்கரையும் மாறும். பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் என்றால் கருத்தடை பற்றிக் கட்டாயம் பேச்சு வரும்.

பிடிக்கவில்லையா, எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம், வழக்கமான வைத்தியம் அதனால் நிற்கக் கூடாது. ஆனால் சொல்லாமல் காணாமல் போகாதீர்கள், ஸ்டீராய்டு போன்ற மருந்தைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து.

அம்மா ஒரு வாரம் கழித்துக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்டால் சேர்ந்தாயிற்று என்று நினைத்திருந்தோம், அதற்குப் பிறகுதான் ஸ்கிரீனிங்காம், அதாவது ஆய்வுக்கு ஏற்றவரா என்று டெஸ்ட் எடுத்துப் பார்ப்பது. கிட்னி டெஸ்ட் ரிசல்ட் ஒத்துவரவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். "18 பக்கம் படிக்க வெச்சு, கடைசியில ஃபெயில் ஆக்கிட்டாங்களே" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.