கார் ஸ்டீரியோ மாற்றும்போது வயரிங்கில் செய்யக்கூடாதவை

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் அக்சஸரீஸ் கடை எதில் நுழைந்தாலும் பேச்சு ஸ்க்ரீனில்தான் ஆரம்பிக்கும். 9 இன்ச்சா 10 இன்ச்சா, ரேம் எவ்வளவு, கேமரா சேர்த்து என்ன விலை. வயரை எப்படி இணைப்பீர்கள் என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் ஸ்டீரியோ மாற்றிய காரில் பிற்பாடு வரும் தொல்லைகளுக்கு அந்த டேஷ்போர்டுக்குப் பின்னால்தான் காரணம் இருக்கும். எனவே பேரம் பேசும்போது ஸ்க்ரீனில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை, வயரிங்கில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

முதல் தவறு, காரோடு வந்த கப்ளரை, அதாவது வயர்களைச் சேர்க்கும் பிளக்கை, வெட்டி எறிவது. வெட்டிய வயரைச் சீவி, முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றிவிட்டால் அன்றைக்குப் பாட்டு பாடும். நம் ஊர் வெயிலில் பூட்டி நிற்கும் காரில் டேப்பின் பசை இளகி, நாளடைவில் நழுவிவிடும். அப்புறம் பள்ளத்தில் இறங்கினால் செட் அணையும், ஏறினால் எரியும். உங்கள் கார் மாடலுக்கென்றே கப்ளர் வயர் கிடைக்கிறது. ஸ்டீரியோ விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை. கிடைக்காத மாடல் என்றால் சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போடச் சொல்லுங்கள். வாரண்டியில் இருக்கும் காரில் வயரை வெட்டியிருந்தால், பின்னாளில் எந்த எலக்ட்ரிக்கல் கோளாறுக்கும் சர்வீஸ் சென்டர் முதலில் அந்த வெட்டைத்தான் காட்டும்.

அடுத்தது மஞ்சளும் சிவப்பும். பெரும்பாலான ஸ்டீரியோக்களில் மஞ்சள் வயருக்கு எப்போதும் 12 வோல்ட் வேண்டும். கடிகாரமும் ஸ்டேஷன் நினைவும் அதில்தான் நிற்கின்றன. சிவப்புக்குச் சாவி திருப்பினால்தான் கரண்ட் வர வேண்டும். கறுப்பு எர்த், காரின் பாடியோடு சேர்வது. மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால், வண்டியை அணைக்கும்போதெல்லாம் செட்டிங்ஸ் அழிந்துபோகும். அதைவிட மோசம், சாவி லைனைத் தேடச் சோம்பல்பட்டு இரண்டையும் சேர்த்து நேரடி லைனில் கொடுத்துவிடுவது. ஸ்டீரியோவுக்குச் சாவி எடுத்ததே தெரியாது. அணைந்ததுபோல் தெரியும் ஆண்ட்ராய்டு ப்ளேயர் உள்ளுக்குள் அரை ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தாலே 2 நாளில் 24 ஆம்பியர்-அவர் காலி. ஆல்டோ போன்ற சின்ன கார்களின் பேட்டரியே 35 ஆம்பியர்-அவர்தான். ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை வந்து சாவி திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வரும். பழி பேட்டரி மேல் விழும்.

இந்த நிறங்கள் ஸ்டீரியோ பக்கத்துக்குத்தான். கார் பக்கத்து வயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சில ஃபோக்ஸ்வாகன் கார்களில் கப்ளர் பார்க்க ஒரே மாதிரி இருந்தும் நேரடி லைனும் சாவி லைனும் இடம் மாறியிருக்கும். ஆகவே நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும்: சாவி இல்லாமல் ஒரு முறை, சாவி போட்டு ஒரு முறை. டேஷ்போர்டுக்குள் மஞ்சள் ஸ்லீவ் போட்ட வயர்க்கட்டோ மஞ்சள் கப்ளரோ தெரிந்தால் அது வேறு சங்கதி, ஏர்பேக்கினுடையது. அதில் டெஸ்டர் முனையை வைக்கவே கூடாது. வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருப்பதுதான் முறை. வோல்ட் பார்க்கத் திரும்ப மாட்டியே ஆக வேண்டும். அப்போது ஏர்பேக் கப்ளர் எதுவும் கழன்று கிடக்கக் கூடாது.

ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயரும் எர்த்தும் ஒன்று என்று நினைப்பது பழைய பழக்கம். இன்றைய ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலுமே சிக்னல் ஓடுகிறது. ஒன்றை பாடியில் தொட்டால் செட் ப்ரொடெக்‌ஷனுக்குப் போகும், அதாவது தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும், அல்லது உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் ஐசி எரியும். ப்ளஸ், மைனஸ் மாறுவது ஆபத்தில்லை, ஆனால் ஏமாற்றும். ஒரு கதவில் மட்டும் மாறியிருந்தால் ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும், பேஸ் மெலிந்துவிடும். ஸ்பீக்கர் மட்டம் என்று முடிவுகட்டி விலை கூடியதை வாங்கப் போவார்கள். 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி தொட்டால் போதும். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் ப்ளஸ் தொட்ட முனைதான் ப்ளஸ்.

அட்டைப்பெட்டியில் 4 x 50 வாட்ஸ் என்று இருப்பதை நம்பிப் பெரிய சப்வூஃபரை (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) கூடவே வாங்குகிறவர்கள், செட்டின் பின்னால் இருக்கும் ஃப்யூஸைப் பார்க்கலாம். அது 10 ஆம்பியர் என்றால், வண்டி ஓடும்போது கிடைக்கும் 14.4 வோல்ட்டில் கணக்கு 144 வாட்ஸோடு நிற்கிறது. 200 எங்கிருந்து வரும்? தொடர்ந்து கிடைப்பது சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கர் லைனுக்கு, 20 வாட்ஸ் சுமார்தான். கதவு ஸ்பீக்கர்களுக்கு அது தாராளம். சப்வூஃபருக்குத் தனி ஆம்ப் வேண்டும், அதற்கான பவர் வயர் பேட்டரியிலிருந்தே நேராக வர வேண்டும். ஸ்டீரியோவின் மஞ்சளில் ஒட்டுப்போட்டால் சூடேறுவது காரின் மெல்லிய வயர்.

பவர் வயரில் ஃப்யூஸ் பேட்டரிக்கு அருகில், அரை அடி முதல் ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். டிக்கியில் ஆம்ப் பக்கத்தில் ஃப்யூஸ் போட்டு என்ன பயன்? எஞ்சின் அறைத் தகட்டைத் தாண்டும் இடத்தில் வயர் உரசி ஷார்ட் ஆனால் அதைத் தடுக்க நடுவில் எதுவுமே இல்லை. தீ பிடிப்பது இப்படித்தான். அந்த ஓட்டையில் ரப்பர் க்ராமெட் (வயர் உரசாமல் காக்கும் வளையம்) கட்டாயம். எர்த் முனையைப் பெயின்ட் மேல் முடுக்காமல், சுரண்டி வெறும் தகட்டில் முடுக்க வேண்டும். ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளைப் பவர் வயரோடு கட்டாமல் காரின் மறுபக்கமாக இழுங்கள். இல்லாவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பாட்டோடு ஒரு ஊளைச் சத்தமும் ஏறும்.

கதவைத் திறக்கும் வேலை என்றால் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்க விடாதீர்கள், மழைத்தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். கண்ணாடியை முழுதாக இறக்கி, ஸ்பீக்கர் காந்தத்தில் இடிக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்க்ரூ முடுக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா என்று செட்டுக்குச் சொல்லும் வயரை எர்த்தில் சேர்த்து, ஓடும்போதும் வீடியோ தெரியும்படி செய்து தருகிறேன் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வண்டியை எடுக்கும் முன் பேலன்ஸ் (இடது-வலது), ஃபேடர் (முன்-பின்) இரண்டையும் மாற்றி ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கேளுங்கள். ரிவர்ஸ் கியர், ஸ்டீயரிங் பட்டன்கள், ஹாரன், இரவு விளக்கு எல்லாவற்றையும் சோதியுங்கள். ஏர்பேக் விளக்கு சாவி போட்டதும் எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். கழற்றிய பழைய செட், ஃப்ரேம், ஸ்க்ரூ எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் கடையிலேயே தங்கிவிடும்.