ஃபிளை தூண்டிலின் லீடருக்கு ஏற்ற தங்கூசியைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் தங்கூசி எனப்படும் தூண்டில் இழையின் சுருளைக் கையில் எடுத்தவுடன் பலரும் அது எத்தனை பவுண்டு தாங்கும் என்றே பார்க்கிறார்கள். ஃபிளை தூண்டிலில் கனமான லைனையும், ஈ எனப்படும் செயற்கை இரையையும் இணைக்கும் மெல்லிய இழையே லீடர். அதைக் கட்டுபவர் முதலில் பார்க்க வேண்டியது தங்கூசியின் விட்டத்தையே. வீச்சின் விசை, கனமான லைனிலிருந்து இலேசான ஈ வரை படிப்படியாகத் தணிந்து செல்வது விட்டம் சீராகக் குறைவதால்தான். அட்டையில் அச்சிட்ட அளவு சில வேளைகளில் பிசகுவதுண்டு என்பதால், மைக்ரோமீட்டர் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

டிரவுட் மீனுக்காக எடை எண் 5 கொண்ட லைனில் 9 அடி லீடர் கட்டுவதாகக் கொள்வோம். லைனோடு இணையும் அடிப்பகுதிக்கு ஏறத்தாழ 0.50 மி.மீ. விட்டமுள்ள, விறைப்பான நைலான் தங்கூசி வேண்டும். இது துவண்டால் லீடர் நீண்டு விழாமல் குவியலாக விழும். நீளத்தில் 60 விழுக்காடு அடிப்பகுதிக்கும், 20 இடைப்பகுதிக்கும், 20 நுனிக்கும் என்பது பழைய கணக்கு. தொடங்குவோருக்கு இன்றும் அதுவே போதுமானது. அடுத்தடுத்த துண்டுகளின் விட்டம் 0.05 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் அவற்றை இணைக்கும் பிளட் முடிச்சு சரியாக இறுகாது. விறைப்பும் மென்மையுமான இருவகைத் தங்கூசிகளை இணைக்கும்போதும் இதே தொல்லை எழுவதால், அடியையும் இடையையும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையில் கட்டுவதே என் வழக்கம்.

நுனிக்கு மட்டும் மென்மையான நைலான் ஏற்றது. 5எக்ஸ் எனப்படும் 0.15 மி.மீ. தங்கூசியில் ஈ நீரோட்டத்தோடு இயல்பாக மிதந்து செல்லும். ஃபுளோரோகார்பன் என்னும் மற்றொரு வகைத் தங்கூசி நைலானைவிட அடர்த்தியானது என்பதால், அதை மூழ்கும் ஈக்களுக்கு ஒதுக்கிவிடலாம்.