சூப்பர்நோவா தேடல்: படத்தில் தெரியும் புதுப் புள்ளியைச் சரிபார்ப்பது எப்படி?

2023 மே மாதம் ஜப்பானின் அமெச்சூர் வானியலாளர் கோயிச்சி இடகாகி, எம்101 கேலக்ஸியின் படத்தில் முன்பு இல்லாத ஒரு புள்ளியைக் கண்டார். ஒளிர்வெண் (பிரகாசத்தின் அளவு; எண் கூடினால் மங்கல்) 14.9. அதுதான் எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் என்ற சூப்பர்நோவா, அதாவது வெடித்த விண்மீன். தானியங்கித் தொலைநோக்கிகள் வானத்தைத் தொடர்ந்து அலசும் இந்தக் காலத்திலும் தனி ஆளால் முந்த முடிகிறது. ஆனால் புதுப் புள்ளி கண்ணில் படுவது எளிது. அது போலி அல்ல என்று உறுதி செய்வதில்தான் உழைப்பு முழுவதும் போகும்.

படம் எடுப்பது

20 செ.மீ. விட்டம், 1000 மி.மீ. குவியத்தூரம் கொண்ட தொலைநோக்கி தொடக்கத்துக்குப் போதும். 3.76 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவைப் பொருத்தினால் ஒரு பிக்சலுக்கு 0.78 விகலை கிடைக்கும் (ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை). ஒரு கேலக்ஸிக்கு 30 விநாடி வீதம் 10 படங்கள் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இடையில் தொலைநோக்கியைச் சில பிக்சல் நகர்த்துங்கள். இதன் பயன் பின்னால் தெரியும். கேலக்ஸியின் மையம் வெளுத்துப்போகும் அளவுக்கு ஒளி சேர்க்காதீர்கள். மையத்துக்கு அருகில் வெடித்த விண்மீன் அந்த வெளுப்பிலேயே மறைந்துவிடும்.

பழைய படத்தோடு ஒப்பிடுவது

இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் வானப் படத்தொகுப்புகளோடு ஒப்பிடலாம். ஆனால் அவற்றின் நிற வடிகட்டி வேறு, கூர்மை வேறு. அங்கே மங்கலாக இருக்கும் ஒரு செந்நிற விண்மீன் உங்கள் கேமராவில் பளிச்சென்று தெரிந்து ஏமாற்றும். அதே கருவியில், அதே ஒளிச்சேர்ப்பு நேரத்தில் நீங்களே எடுத்த பழைய படம்தான் நம்பகமானது. ஆகவே முதல் சில மாதங்கள் கண்டுபிடிப்பை எதிர்பார்க்காமல் ஒப்பீட்டுப் படங்களைச் சேர்த்து வையுங்கள்.

போலிகளைக் கழிப்பது

பத்தையும் ஒன்றாகச் சேர்த்து அடுக்கிய படத்தை விட்டுவிட்டுத் தனிப் படங்கள் பத்தையும் திறங்கள். ஒன்றில் மட்டும் புள்ளி இருந்தால் அது காஸ்மிக் கதிரின் (விண்வெளியிலிருந்து வந்து கேமராவில் மோதும் துகளின்) தடம். பத்திலும் கேமராவின் அதே பிக்சலில் இருந்தால் பழுதான பிக்சல். தொலைநோக்கியைச் சிறிது நகர்த்தியது இதற்காகத்தான்: உண்மையான விண்மீன் வானத்தோடு சேர்ந்து இடம் மாறும், பிக்சல் மாறாது. பக்கத்தில் பிரகாசமான விண்மீன் இருந்தால் கண்ணாடிகளில் எதிரொளித்த போலி உருவமும் வரலாம். சில கலை தள்ளி மீண்டும் எடுத்தால் அது இடம் மாறும் அல்லது காணாமல் போகும். புள்ளியின் அகலமும் பக்கத்து விண்மீன்களின் அகலத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

அடுத்தது சிறுகோள். சூரியனுக்கு எதிர்த்திசையில் இருக்கும்போது செவ்வாய்க்கு அப்பாலுள்ள பட்டைச் சிறுகோள் மணிக்கு ஏறக்குறைய 30 முதல் 40 விகலை நகரும். அரை மணி கழித்து இன்னொரு தொகுதி எடுத்தால் ஏறக்குறைய 20 பிக்சலாவது தள்ளியிருக்கும். சில நாட்களில் சிறுகோள் நின்றுவிட்டது போலவும் தோன்றும். மறுநாள் இரவும் பார்ப்பது நல்லது. கன்னி, சிம்ம ராசிகளில் உள்ள கேலக்ஸிகளில் இந்தத் தொல்லை அதிகம், சிறுகோள்களின் பாதை அப்பக்கம்தான். சிறுகோள், வால் நட்சத்திரப் பதிவுகளைத் தொகுக்கும் மைனர் பிளானெட் சென்டரின் சிறுகோள் சோதனைப் பக்கத்தில் இடத்தையும் நேரத்தையும் கொடுத்தும் பாருங்கள். நகர்கிறது, பட்டியலில் இல்லை, சுற்றிலும் புகைபோல் ஒளி என்றால் வால் நட்சத்திரமாக இருக்கலாம். அதற்கு அறிக்கை அனுப்பும் இடம் அந்த சென்டர்தான்.

நம் கேலக்ஸியின் மாறொளி விண்மீன்களையும் (பிரகாசம் கூடிக் குறைபவை) பட்டியலில் தேடிக் கழியுங்கள்.

அறிக்கை

வானில் புதிதாகத் தோன்றும் பொருள்களைப் பதிவு செய்யும் டிரான்சியன்ட் நேம் சர்வர் என்ற இணையதளத்தில் முதலில் 10 விகலை ஆரத்துக்குள் தேடுங்கள். ஏற்கெனவே பதிவான பொருளாக இருக்கலாம். இல்லையென்றால் அஸ்டாப் போன்ற இலவச மென்பொருளில் இடத்தை ஒரு விகலைக்குள் துல்லியமாக அளந்து, ஒளிர்வெண், வடிகட்டி, நேரம் எல்லாவற்றையும் நிரப்புங்கள்.

நேரத்தில்தான் பலர் தவறுவார்கள். உலகப் பொது நேரம் வேண்டும். இந்திய, இலங்கை நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடம் கழியுங்கள். மே 20 அதிகாலை 2.30க்கு எடுத்த படம் மே 19, 21.00 மணிக்கு உரியது. தேதியும் மாறுவதைக் கவனியுங்கள்.

கடைசியாகப் புள்ளி தெரியாத படத்தின் தேதியும், அதில் எட்டிய மங்கல் எல்லையும் (தெரிந்த மிக மங்கலான விண்மீனின் ஒளிர்வெண்) கட்டாயம் கொடுங்கள். வெடித்த நேரத்தைக் கணிக்க அறிஞர்களுக்கு அதுவே பிடி. பதிவானதும் 'ஏடி' என்று தொடங்கும் பெயர் கிடைக்கும். நிறமாலை (ஒளியை நிறங்களாகப் பிரித்த பதிவு) எடுத்து வகை உறுதியான பிறகே அது 'எஸ்என்' ஆகும். இடகாகியின் புள்ளிக்கு ஸ்பெயினின் லா பால்மா தீவில் உள்ள லிவர்பூல் தொலைநோக்கி ஒரு நாளுக்குள் நிறமாலை எடுத்தது: ஹைட்ரஜன் உள்ள இரண்டாம் வகை.