செயற்கை நுண்ணறிவு நுழையும் சட்ட நிறுவனத்தில் மனிதர்களை வழிநடத்துவது எப்படி

செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா வேண்டாமா என்று ஒரு சட்ட நிறுவனத்தின் பங்குதாரர்கள் கூடிப் பேசத் தொடங்கும் நேரத்தில், அங்குள்ள இளம் வழக்கறிஞர்களில் சிலர் அதைத் தங்கள் கைபேசியில் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கக்கூடும். எனவே எந்த மென்பொருளை வாங்குவது என்று முடிவெடுப்பதற்கு முன்பே, மறைவில் நடப்பதை வெளியே கொண்டுவரும் வேலையைத் தலைமைப் பங்குதாரர் தொடங்கிவிட வேண்டும்.

இதுவரை பயன்படுத்தியதற்காக யார்மீதும் நடவடிக்கை இராது என்று எழுத்தில் கொடுத்துவிட்டு, யார், எந்த வேலைக்கு, எந்தக் கருவியைப் பயன்படுத்தினார்கள், கட்சிக்காரரின் ஆவணம் ஏதேனும் அதற்குள் போனதா என்று கேளுங்கள். கேட்பவர், ஆண்டிறுதியில் அவர்களின் பணியை மதிப்பிடுபவராக இருக்கக் கூடாது. இருந்தால் உண்மை வராது. கட்சிக்காரரின் இரகசியம் வெளியே போயிருப்பது தெரியவந்தால், அதைச் சரிசெய்யும் பொறுப்பை நிறுவனமே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு தயவு எதற்கு என்று கேட்கும் மூத்தவர்களுக்கு 2023இல் நியூயார்க்கில் நடந்த மாட்டா எதிர் அவியாங்கா வழக்கைச் சொல்லலாம். சாட்ஜிபிடி புனைந்து கொடுத்த, எங்குமே இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக வழக்கறிஞர்கள் 5,000 டாலர் அபராதம் கட்டிய வழக்கு என்றுதான் பலரும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நீதிபதியின் உத்தரவைப் படித்தால், எதிர்த்தரப்பு ஐயம் எழுப்பிய பிறகும், நீதிமன்றமே தீர்ப்பு நகல்களைக் கேட்ட பிறகும் அவர்கள் உண்மையைச் சொல்லாமல் இழுத்தடித்ததே நிலைமையை முற்ற வைத்தது என்பது விளங்கும். உடனே ஒப்புக்கொண்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். தவற்றை ஒப்புக்கொள்ள அஞ்சும் அலுவலகத்தில் எந்தக் கருவியும் ஆபத்தானதே.

அடுத்து மூத்தவர்களின் தயக்கம். 30 ஆண்டுகளாக எல்லாம் தெரிந்தவராக மதிக்கப்பட்ட ஒருவர், ஜூனியர்களுக்கு நடுவே உட்கார்ந்து தமக்குத் தெரியாததைக் கற்றுக்கொள்ள முன்வரமாட்டார். அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிட வேண்டாம். அவருக்குத் தனியாகக் கற்றுக்கொடுங்கள். அவரே நடத்தி முடித்த ஒரு பழைய வழக்கின் ஆவணக் கட்டை, பெயர்களையும் அடையாளங்களையும் நீக்கி, பாதுகாப்பான கருவியில் இட்டு, வாதச் சுருக்கம் தயாரிக்கச் சொல்லிக் காட்டுங்கள். அந்த வழக்கின் ஒவ்வொரு மூலையும் அவருக்குத் தெரியும் என்பதால், கருவி எங்கே உதவுகிறது, எங்கே நம்பிக்கையோடு பொய் சொல்கிறது என்பதை வேறு யாரும் விளக்காமலேயே கண்டுகொள்வார். தலைமைப் பங்குதாரரும் இதே பயிற்சியைச் செய்து, தம் பிழைகளையும் சேர்த்து எல்லோர் முன்னிலையிலும் பகிர்ந்துகொள்வது நல்லது.

இவற்றைவிடக் கடினமானது மணிக்கணக்கு, அதாவது வேலை செய்த நேரத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்கும் முறை. ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் பதிவு செய்ய வேண்டும் என்று இலக்கு வைத்துவிட்டு, ஆறு மணி நேர வேலையை இரண்டு மணி நேரத்தில் முடிக்கும் கருவியையும் கையில் கொடுத்தால், திறமையாகப் பயன்படுத்துபவருக்குக் கிடைப்பது தண்டனைதான். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட 512ஆம் எண் கருத்துரை, மணிக்கணக்கில் கட்டணம் பெறுபவர் உண்மையில் செலவிட்ட நேரத்துக்கு மட்டுமே கேட்கலாம் என்றும், கருவியைக் கற்றுக்கொள்ளும் நேரத்தைப் பொதுவாகக் கட்சிக்காரர் தலையில் கட்டக் கூடாது என்றும் தெளிவாகக் கூறுகிறது. ஆகவே கற்கும் நேரத்தையும் சரிபார்க்கும் நேரத்தையும் இளையவர்களின் ஆண்டு இலக்கில் சேர்த்துக் கணக்கிடுங்கள்; சில வகை வேலைகளுக்கு, நேரத்தைப் பார்க்காமல் வேலைக்கு இவ்வளவு என்று வாங்கும் மொத்தக் கட்டணத்துக்கு மாறுங்கள். இதைத் தொடாமல் நடத்தும் பயிற்சி வகுப்புகள் வீண் என்பது என் கருத்து.

இளையவர்கள் தொழில் கற்பதும் இதனால் மாறுகிறது. ஆயிரக்கணக்கான பக்கங்களைப் புரட்டி, ஒப்பந்தங்களை வரி வரியாகப் படித்துத்தான் ஒரு ஜூனியருக்குக் கண் பழகியது. அந்த வேலையைக் கருவி எடுத்துக்கொண்டால், பத்தாண்டு கழித்து அதன் பிழையைப் பிடிக்க ஆள் இருக்காது. முதல் ஆண்டில் இருப்பவர் வரைவைத் தாமே எழுதிய பிறகு கருவியின் வரைவோடு ஒப்பிட்டு, எது ஏன் சிறந்தது என்று மூத்தவரிடம் விளக்கட்டும். மூத்தவருக்கு இது கூடுதல் வேலைதான். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

சரிபார்த்தவரின் பெயர் ஒவ்வொரு ஆவணக் கட்டிலும் இருக்க வேண்டும். 2025 ஜூனில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், காட்டப்பட்ட 45 மேற்கோள்களில் 18 எங்குமே இல்லாதவை. கட்சிக்காரரே தேடிக் கொடுத்ததை வழக்கறிஞர் பார்க்காமல் சேர்த்திருந்தார். அந்தத் தீர்ப்பு நிர்வாகப் பங்குதாரர்களுக்கும் எச்சரிக்கை விடுத்தது: இதைத் தடுக்க அவர்கள் தத்தம் இடத்தில் என்ன செய்தார்கள் என்பதும் இனி விசாரிக்கப்படும்.

குமாஸ்தாக்களிடமும் தட்டச்சர்களிடமும் எந்த வேலை குறையும், எது புதிதாக வரும் என்பதை மழுப்பாமல் சொல்லிவிடுங்கள். நூலகர் இருந்தால், மேற்கோள் சரிபார்க்கும் பொறுப்புக்கு அவரைவிடத் தகுதியானவர் கிடைப்பது அரிது.

விதிமுறையை ஒரே பக்கத்தில், படிக்கும்படி எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் கருவி செய்த பிழைகளின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். அதில் ஒன்றுமே இல்லையென்றால், மகிழ்ச்சியடையாமல், யாருக்கு இன்னும் அச்சம் போகவில்லை என்று விசாரிக்கத் தொடங்குங்கள்.